பிராஃபெட்-5

பிராஃபெட்-5, அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் இயங்கிய சீக்வென்ஷியல் சர்க்யூட்ஸ் நிறுவனம் 1978இல் வெளியிட்ட அனலாக் சிந்தசைசர். டேவ் ஸ்மித் வடிவமைத்தார். ஜான் போவன் துணைநின்றார். 1984இல் உற்பத்தி நின்றுபோனாலும், திரும்ப வராதா என்று ஆர்வலர்கள் முப்பத்தைந்து ஆண்டுகளுக்கும் மேல் ஏங்கிய கருவி இது.

அனலாக் சிந்தசைசரில் ஒலி மின்னழுத்தமாகவே பிறக்கிறது. ஆசிலேட்டர் ரம்பப் பல்லைப் போன்ற அலையை எழுப்ப, ஃபில்டர் அதன் கூர்மையைச் சீவிவிடுகிறது. 1970இல் வந்த மினிமூக் இந்தப் பகுதிகளை ஒரே பெட்டிக்குள் அடக்கியது. ஆனால் ஒரு நேரத்தில் ஒரு ஸ்வரம்தான் அதில் ஒலிக்கும். ஐந்து ஸ்வரம் சேர்ந்து ஒலிக்க ஐந்து முழுச் சுற்றுகள், அதாவது ஐந்து ‘குரல்கள்’ வேண்டும். பிராஃபெட்டில் ஒரு குரலுக்கு இரண்டு வீதம் பத்து ஆசிலேட்டர்கள். அவற்றை மேய்க்க ஸ்மித் இசட்-80 என்ற நுண்செயலியை வைத்தார். அதுவரை பெரும்பாலும், பிடித்த ஒலி ஒன்று அமைந்துவிட்டால் ஒவ்வொரு குமிழும் நின்ற இடத்தைத் தாளில் வரைந்துவைக்க வேண்டியிருந்தது. பிராஃபெட் நாற்பது ஒலிகளை நினைவில் வைத்து, பொத்தானைத் தட்டியதும் எடுத்துத் தந்தது. மேடைக் கலைஞர்களுக்கு இதைவிடப் பெரிய உதவி கிடையாது.

சூடேறினால் ஆசிலேட்டரின் சுருதி நகரும். அதைச் சரிசெய்யவே ‘டியூன்’ பொத்தான் இருந்தது. அப்படியும் ஐந்து குரல்களும் அச்சாக ஒன்றுபோல் இருப்பதில்லை. ஸ்வரக்கூட்டு ஒன்றை அழுத்திப் பிடித்தால் உள்ளே மெல்லிய அசைவு கேட்கும். ஆர்வலர்கள் ஏங்கியது இந்த அசைவுக்குத்தான்.

1983இல் யமஹாவின் டிஎக்ஸ்-7 பதினாறு டிஜிட்டல் குரல்களுடன் வந்து சந்தையைப் பிடித்தது. பின்னர் சீக்வென்ஷியலும் யமஹாவின் கைக்குப் போனது. 2002இல் ஸ்மித் தன் பெயரிலேயே புதிய நிறுவனம் தொடங்கினார். அங்கிருந்து வந்த எட்டுக் குரல் பிராஃபெட்-08இல் ஆசிலேட்டர்களை டிஜிட்டல் முறை கட்டுப்படுத்தியதால் சுருதி பிசகவில்லை. ரசிகர்களுக்கோ பிசகும் பழைய வகைதான் வேண்டும். 2015இல் பிராஃபெட்-6 அதைத் தந்தது. ரோலண்ட் நிறுவனர் இக்குதாரோ காக்கெஹாஷி எடுத்துச் சொன்னதால் அதே ஆண்டு யமஹா ‘சீக்வென்ஷியல்’ என்ற பெயரையும் திருப்பிக் கொடுத்தது.

2020இல் பிராஃபெட்-5 மீண்டும் வந்தது. அதில் ‘விண்டேஜ்’ என்று ஒரு குமிழ்: நான்கில் வைத்தால் சுருதி உறுதியாக நிற்கும், ஒன்றை நோக்கித் திருப்பத் திருப்ப, முதல் பதிப்பைப் போல ஒவ்வொரு குரலும் தன் போக்கில் விலகும். எந்தக் குறையைக் களைய ஒருகாலத்தில் பாடுபட்டார்களோ, அதையே அளந்து கூட்டிக் குறைக்கத் தனிக் குமிழ் வைத்திருக்கிறார்கள். ஸ்மித் 2022இல் காலமானார்.

மூக் ஒன் (2018), ஓபர்ஹைம் ஓபி-எக்ஸ்8 (2022) ஆகியவையும் இதே ஏக்கத்துக்குக் கிடைத்த பதில்கள். தனித்தனிப் பகுதிகளை (மாட்யூல்களை) கேபிளால் இணைத்து வாசிக்கும் மாடுலர் கருவிகளை விரும்புவோருக்கு ஜெர்மனியின் டீட்டர் டோப்ஃபர் 1990களின் நடுவில் யூரோராக் முறையைத் தந்தார். எல்லா மாட்யூல்களுக்கும் ஒரே உயரம், 128.5 மி.மீ.; எந்த நிறுவனத்தின் மாட்யூலும் ஒரே சட்டத்தில் பொருந்தும். ஆனால் நான்கு ஸ்வரம் சேர்ந்து ஒலிக்க வேண்டுமென்றால் பெரும்பாலும் நான்கு வரிசை மாட்யூல்கள், நான்கு பங்கு கேபிள்கள் தேவைப்படுகின்றன.