தி டாட்டர் ஆஃப் டைம்

ஜோசஃபின் டே எழுதி 1951இல் வெளிவந்த ஆங்கிலத் துப்பறியும் நாவல். ஸ்காட்லாந்தின் இன்வர்னஸில் பிறந்த எலிசபெத் மெக்கின்டோஷ் (1896–1952) என்பவரின் புனைபெயர்தான் ஜோசஃபின் டே. அவர் உயிரோடிருந்தபோது வெளியான கடைசி நாவலும் இதுதான். உண்மை காலத்தின் மகள் என்னும் பழமொழியிலிருந்து தலைப்பு வந்தது.

துப்பறிபவர் படுக்கையை விட்டு எழுவதே இல்லை. கால் முறிந்து மருத்துவமனையில் விட்டத்தைப் பார்த்துக் கிடக்கிறார் ஸ்காட்லாந்து யார்டு இன்ஸ்பெக்டர் ஆலன் கிராண்ட். பொழுதுபோக்கத் தோழி கொண்டுவந்த படங்களில் ஒரு முகம், நீதிபதியின் முகம்போல, அவரை நிறுத்துகிறது. திருப்பிப் பார்த்தால் மூன்றாம் ரிச்சர்டு; 1483இல் லண்டன் கோபுரத்தில் இருந்த அண்ணன் பிள்ளைகள் இருவரையும் கொன்றதாகப் பள்ளிப் பாடம் சொல்லும் அரசன்.

பிரிட்டிஷ் மியூசியத்தில் ஏடு புரட்டும் ஓர் அமெரிக்க இளைஞனின் துணையோடு விசாரணை தொடங்குகிறது. முதலில் சரிவது, ரிச்சர்டைக் கொலைகாரனாக எழுதிய தாமஸ் மோரின் சாட்சியம்: சம்பவத்தின்போது அவருக்கு வயது ஐந்து. அடுத்தது, நாவலின் உயிர்நாடி. அண்ணன் பிள்ளைகள் முறையான வாரிசுகள் அல்லர் என்று 1484இல் நாடாளுமன்றம் சட்டம் இயற்றியிருந்தது. ரிச்சர்டை 1485இல் வீழ்த்திய ஏழாம் ஹென்றி அதை வாசிக்காமலே ரத்துசெய்து, பிரதிகளை அழிக்கச் சொன்னார். அச்சிறுவர்களின் அக்காளை அவர் மணக்க வேண்டியிருந்தது. அக்காளை முறையான வாரிசாக்கினால் தம்பிகளும் அப்படியே ஆவார்கள். சிம்மாசனம் அவர்களுக்குப் போய்விடும். அப்படியானால் அவர்களின் சாவு யாருக்குத் தேவைப்பட்டது என்று கேட்கிறார் கிராண்ட்.

இந்த வாதம் புதிதல்ல. 17ஆம் நூற்றாண்டில் ஜார்ஜ் பக், 1768இல் ஹொரேஸ் வால்போல் ஆகியோர் ரிச்சர்டுக்காக வாதாடிவிட்டார்கள். டே அதைக் கதையிலேயே ஒப்புக்கொள்வது நேர்மை. ஆனால் வழக்கறிஞர்போல் ஒரு தரப்பை மட்டும் பேசுகிறார். கொலைச் சந்தேகம் 1483இலேயே லண்டனில் உலவியதை இத்தாலியரான டொமினிக் மான்சினி எழுதிவைத்திருந்தார். அக்குறிப்பு 1936இல் அச்சேறியும் விட்டது. முகத்தைப் பார்த்துக் குணம் சொல்வதும் போலீஸ்காரருக்கு அழகல்ல. போதாக்குறைக்கு, அந்தப் படமே ரிச்சர்டு இறந்து பல பத்தாண்டுகள் கழித்து வரையப்பட்டது.

1990இல் பிரிட்டனின் குற்றக்கதை எழுத்தாளர் சங்கம், எக்காலத்துக்குமான நூறு குற்றக்கதைகளில் இதை முதலிடத்தில் வைத்தது. 2012இல் லெஸ்டர் நகரக் கார் நிறுத்துமிடத்துக்கு அடியில் ரிச்சர்டின் எலும்புக்கூடு கிடைத்தது. முதுகெலும்பு பக்கவாட்டில் வளைந்திருந்தது. ஷேக்ஸ்பியர் காட்டிய கூன் இல்லை. அந்த அண்ணன் பிள்ளைகளுடையவை என்று கருதப்பட்ட, லண்டன் கோபுரப் படிக்கட்டின் அடியில் 1674இல் கிடைத்த இரண்டு சிறுவர் எலும்புக்கூடுகள் வெஸ்ட்மின்ஸ்டர் அபேயில் ஒரு தாழியில் இருக்கின்றன. 1933இல் அதைத் திறந்து பரிசோதித்தார்கள். அவை ஆணா பெண்ணா என்பதைக்கூட உறுதிசெய்ய முடியவில்லை.