விவாகரத்து வழக்குகள் உங்களுக்கு

1920 நவம்பரில் அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரில் ஃப்ளாரன்ஸ் ஆலன் நீதிபதியாகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். அங்கே நீதிபதிகளும் தேர்தலில் நின்று ஜெயித்து வருபவர்கள்தான். நாடு முழுவதும் பெண்களுக்கு வாக்குரிமை கிடைத்து மூன்று மாதங்கூட ஆகவில்லை. கட்சிகள் வேட்பாளர்களை முடிவுசெய்யும் முதற்கட்டத் தேர்தலும் முடிந்துபோயிருந்தது. வாக்குரிமைக்காகப் போராடிய பெண்களே கையெழுத்து திரட்டி அவரை வேட்பாளராக நிறுத்தினார்கள்.

பதவியேற்றவரிடம் சக நீதிபதிகள் ஒரு யோசனை சொன்னார்கள். விவாகரத்து வழக்குகளுக்குத் தனிப் பிரிவு ஒன்று தொடங்கலாம், அதை நீங்கள் பாருங்கள் என்று. ஆலன் மறுத்துவிட்டார். எனக்குத் திருமணமே ஆகவில்லை, திருமணமான நீங்கள்தானே அதற்குப் பொருத்தம் என்பது அவர் சொன்ன காரணம்.

விவாகரத்து வழக்கு மட்டமான வேலை அல்ல. எத்தனையோ பெண்களின் வாழ்வும் சாவும் அங்கேதான் தீர்மானமாகின்றன. ஆனால் வந்தவள் பெண் என்றதும் வீட்டுச் சண்டைகளை அவள் பக்கம் தள்ளுவது வேறு விஷயம். குற்றவியல் சட்டம் அவருக்குப் புதிதும் அல்ல. 1919இலேயே அதே கயாஹோகா மாவட்டத்தில் உதவி அரசு வழக்கறிஞராக இருந்தவர். அதற்கும் முன்பு, 1917இல், நகராட்சித் தேர்தலில் பெண்கள் வாக்களிக்கும் உரிமைக்காக ஒஹாயோ உச்ச நீதிமன்றத்தில் வாதாடி வென்றவர்.

1921இல் ஃப்ராங்க் மோட்டோ என்பவருக்குக் கொலை வழக்கில் மரண தண்டனை விதித்தார். கொலை மிரட்டல்கள் வந்தன. இதையும் பெண்ணின் சாதனைப் பட்டியலில் சேர்ப்பவர்கள் உண்டு. எனக்கு அதில் மகிழ்ச்சி இல்லை. தூக்கமின்றித் தவிக்க வேண்டிய ஒரு வேலையைப் பெண்ணும் செய்தாள், அவ்வளவுதான்.

1922இல் ஒஹாயோ உச்ச நீதிமன்றம். 1934இல் அதிபர் ரூஸ்வெல்ட் அவரை ஆறாவது வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றத்துக்கு நியமித்தார். கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒன்றில் அமர்ந்த முதல் பெண் அவர். சக நீதிபதிகள் யாரும் இதை விரும்பவில்லை. பெண்களுக்கு அனுமதி இல்லாத கிளப்பில் அவர்கள் மதிய உணவுக்குக் கூடுவார்கள். அவர் தனியே சாப்பிடுவார். வழக்குகளைப் பற்றிய பாதிப் பேச்சு சாப்பாட்டு மேசையில்தான் நடக்கும் என்பது அலுவலகம் போகும் எந்தப் பெண்ணுக்கும் தெரியும். 1938இல் டென்னசி பள்ளத்தாக்கு அரசு மின்திட்டத்தை எதிர்த்துத் தனியார் மின் நிறுவனங்கள் தொடுத்த பெரிய வழக்கில், மூன்று நீதிபதிகள் அமர்வுக்குத் தலைமை வகித்தவர் அவர். திட்டம் செல்லும் என்று தீர்ப்பானது. மறுவருடம் அமெரிக்க உச்ச நீதிமன்றமும் நிறுவனங்களின் மேல்முறையீட்டைத் தள்ளியது.

அந்த உச்ச நீதிமன்றத்துக்கு அவர் பெயர் பலமுறை பேசப்பட்டது. அதிபர் ட்ரூமனிடம் அவருக்காகப் பேசியவர் ஜனநாயகக் கட்சியின் இந்தியா எட்வர்ட்ஸ். நீதிபதிகள் சொன்ன ஆட்சேபத்தை அவர் பின்னாளில் நினைவுகூர்ந்திருக்கிறார்: பெண் ஒருத்தி உள்ளே இருந்தால் அங்கியைக் கழற்றிப் போட்டு, காலணியைக்கூடக் கழற்றிவிட்டு, சாவகாசமாக விவாதிக்க முடியாதாம்.

1958இல் ஆறாவது வட்டாரத்தின் தலைமை நீதிபதியாகி, மறுவருடம் ஆலன் ஓய்வுபெற்றார். 1966இல் இறந்தார். உச்ச நீதிமன்றத்தின் அந்த அறைக்குள் ஒரு பெண் நீதிபதியாக நுழைய 1981 ஆனது.