கற்பூரச் சுடரும் பொய்ப்புள்ளியும்: ரெண்டர் படங்களில் ஹாட் பிக்சல் நீக்கம் வளர்ந்த வரலாறு

திருத்தணி மலைக்கோயிலில் ஆண்டுதோறும் டிசம்பர் 31 இரவு படித் திருவிழா நடக்கிறது. மலையேறும் 365 படிகளுக்கும் மஞ்சள், குங்குமம் இட்டு, கற்பூரம் ஏற்றிப் பூசை செய்கிறார்கள். இந்தக் காட்சியை முப்பரிமாணத்தில் அமைத்து, தொலைவிலிருந்து பார்ப்பதுபோல் கேமராவை வைத்து ரெண்டர் செய்வதாகக் கொள்வோம். அந்தத் தூரத்தில் ஒரு சுடர் ஒன்றிரண்டு பிக்சலுக்கு மேல் இடம் பிடிக்காது. பித்தளைக் குடத்திலும் குளத்து நீரிலும் தெறித்த ஒளியை அரைகுறையாகக் கணக்கிட்டதால் எழும் வேறு வெள்ளைப் புள்ளிகளும் அதே படத்தில் சிதறிக் கிடக்கும். ஸ்டூடியோக்களில் இவற்றை ஹாட் பிக்சல் என்பார்கள், ஃபயர்ஃப்ளை என்றும் சொல்வார்கள். கண்ணுக்கு இரு வகையும் ஒன்றுபோலவே தெரியும். எது மெய், எது பொய் என்று தீர்மானிக்க ஒவ்வொரு முறையும் எந்தச் சான்றை நம்பியது என்று பார்த்தால்தான் ஹாட் பிக்சல் நீக்கத்தின் வளர்ச்சி புரியும் என்பது இக்கட்டுரையின் வாதம்.

வானியலாளர்களுக்கும் இந்தக் கேள்வி பழக்கமானதே. ஜவ்வாது மலையில் காவலூரின் 2.34 மீட்டர் தொலைநோக்கி 1986 ஜனவரியில் தொடங்கிவைக்கப்பட்ட காலத்தில், உலகெங்கும் ஒளிப்படத் தகடுகளின் இடத்தை சிசிடி உணரிகள் பிடித்துக்கொண்டிருந்தன. சிசிடியில் சில பிக்சல்கள் ஒளி படாமலேயே மின்னூட்டம் சேர்க்கும். வெப்பம் ஏற ஏற இது பெருகுவதால் உணரியைக் குளிர்விக்கிறார்கள். அதே நேர அளவுக்கு ஓர் இருட்டுப் படம் எடுத்துக் கழித்தால் இவை பெரும்பாலும் நீங்கிவிடும், இடம் மாறாதவை என்பதால். காஸ்மிக் கதிர்கள் பதிக்கும் புள்ளிகளோ படத்துக்குப் படம் இடம் மாறும். அங்கே கைகொடுப்பது காற்று. விண்மீனின் ஒளி வளிமண்டலத்தில் கலைந்து பல பிக்சல்களில் பரவி விழுகிறது. காஸ்மிக் கதிரின் தடம் கூர்மையாக நிற்கிறது. பீட்டர் வான் டொக்கம் 2001இல் வெளியிட்ட எல்.ஏ.காஸ்மிக் முறை இந்தக் கூர்மையையே சான்றாகக் கொண்டது. ஃபயர்ஃப்ளையும் இந்த இரண்டாம் வகையைப் போன்றதுதான். ஆனால் ரெண்டரில் ஒளியைக் கலைக்கும் காற்று இல்லை. தூரத்துச் சுடரும் பொய்ப்புள்ளியும் ஏறக்குறைய ஒரே கூர்மையில் நிற்கும்.

இச்சிக்கலின் பிறப்பு 1986இல். ஜேம்ஸ் கஜியா அந்த ஆண்டு ரெண்டரிங் சமன்பாட்டையும் பாத் டிரேசிங் முறையையும் முன்வைத்தார். ஒரு பிக்சல் வழியே பல ஒளிப்பாதைகளை எதேச்சையாக அனுப்பி, கிடைப்பதைச் சராசரி எடுப்பது அதன் வழி. 128 பாதைகளில் 127 பாதைகள் 0.2 என்ற மதிப்பைத் தந்து, ஒன்று மட்டும் பித்தளையில் தெறித்துச் சுடரைத் தொட்டு 5000 தந்துவிட்டால், சராசரி 39ஐத் தாண்டும். அந்த ஒரு பாதை தவறானதல்ல, அரிதானது. பாதைகளைக் கூட்டினால் அடங்கும். ஆனால் இரைச்சல் பாதியாகக் குறைய நான்கு மடங்கு பாதைகள் வேண்டும். திரைத்துறை நெடுங்காலம் இந்தச் செலவுக்குத் துணியவில்லை. ‘காதலன்’ (1994), ‘ஜீன்ஸ்’ (1998) ஆகியவற்றின் வரைகலை தேசிய விருது பெற்றபோதும், சென்னையின் பென்டாமீடியா ‘சின்பாத்’ அனிமேஷன் படத்தை 2000இல் கொண்டுவந்தபோதும், உலகத் திரைத்துறையில் வேறு வகை ரெண்டர் முறைகளே கோலோச்சின. பாத் டிரேசிங்கில் உருவான ‘மான்ஸ்டர் ஹவுஸ்’ 2006இல் வெளிவந்தது. 2011 டிசம்பரில் பிளெண்டர் 2.61 மென்பொருளில் பாத் டிரேசிங் செய்யும் சைக்கிள்ஸ் சேர்ந்த பிறகு, கணினி வைத்திருந்த எவருக்கும் அந்த முறை விலையில்லாமல் கிடைத்தது. ஃபயர்ஃப்ளையும் கூடவே வந்தது.

முதல் மருந்து புள்ளியியலிலிருந்து வந்தது. ஜான் டூக்கி 1970களில் முன்வைத்த இடைநிலை வடிகட்டியை, 1979இல் ஹுவாங், யாங், டாங் மூவரும் இருபரிமாணப் படங்களுக்கு விரைவாக்கினார்கள். லீயும் ரெட்னரும் 1990இல் இத்தகைய வடிகட்டிகளை ரெண்டர் படங்களுக்குப் பரிந்துரைத்தனர். ஒரு பிக்சலையும் அதன் எட்டு அண்டைகளையும் எடுத்துக்கொள்வோம்: 0.21, 0.19, 0.22, 0.20, 39.26, 0.18, 0.23, 0.20, 0.21. சராசரி எடுத்தால் 4.54, புள்ளி அழியாது, திட்டாகப் பரவும். வரிசைப்படுத்தி நடுவில் உள்ள ஐந்தாவதை எடுத்தால் 0.21, புள்ளி இருந்த சுவடே இருக்காது. ஆனால் நடுவில் இருந்தது கற்பூரச் சுடராக இருந்தாலும் விடை அதே 0.21தான். அண்டைகளோடு ஒத்துப்போவதே மெய் என்பது இம்முறையின் ஒரே சான்று. ரெண்டர் ஆன படங்களை இணைத்துச் சீர்செய்யும் கம்பாசிட்டிங்கில் வரும் டெஸ்பெக்கிள் நோடு, எவ்வளவு விலகினால் நீக்கலாம் என்ற வரம்பைக் கலைஞரின் கையில் தருகிறது. விலகல்தான் குற்றம் என்ற அடிப்படையை அதுவும் மாற்றவில்லை.

இந்த வரலாற்றில் எனக்கு மிக உயர்ந்ததாகப் படுவது 1994இல் ஹாலி ரஷ்மையரும் கிரெக் வார்டும் எழுதிய கட்டுரை. பொய்ப்புள்ளியில் இருக்கும் ஒளி காட்சிக்குச் சொந்தமான ஒளி. அதைத் தூக்கி எறிந்தால் படம் இருண்டுவிடும் என்று அவர்கள் கண்டார்கள். ஆகவே மிகையான ஆற்றலைச் சுற்றியுள்ள பிக்சல்களுக்குப் பங்கிட்டார்கள். இடைநிலை வடிகட்டியோ, இன்று ரெண்டரிலேயே மதிப்பை வெட்டும் கிளாம்ப் வசதியோ இந்தக் கணக்கைக் காப்பதில்லை. பித்தளையிலிருந்து படிக்கல்லின்மேல் விழும் மெல்லிய ஒளிவளையங்கள் கிளாம்பில் முதலில் மறைவது இதனால்தான். 2010இல் டிகோரோ, வைரிக், ருசின்கியூவிச் மூவரும் இன்னும் உள்ளே போய், சராசரி எடுப்பதற்கு முன் தனித்தனிப் பாதைகளிலேயே துணையற்று நிற்கும் மதிப்பைக் கண்டறிந்தார்கள்.

கம்பாசிட்டிங் கலைஞருக்கு நல்ல சான்று கிடைத்தது கோப்பு வடிவத்திலிருந்து. 8 பிட் கோப்பில் 39 என்ற மதிப்பும் வெறும் வெண்மையாக வெட்டுப்படும். ஐஎல்எம் 2003இல் பொதுவில் தந்த ஓபன்இஎக்ஸ்ஆர், 65504 வரை மதிப்பை அப்படியே வைத்திருக்கும். அதனால் தொல்லை முதலில் கூடியது: குளோ, டிஃபோகஸ் போட்டதும் ஒரு புள்ளி பெரிய ஒளிவட்டமாக மாறிற்று. எனவே நீக்கம் இவற்றுக்கு முன்பே நடக்க வேண்டும். ஆனால் அதே கோப்பு எமிஷன், நேரடி ஒளி, தெறிப்பு ஒளி என்று ஒவ்வொன்றையும் தனித்தனி பாஸாகவும் தாங்கியது. கேமரா நேரே பார்க்கும் கற்பூரச் சுடர் எமிஷன் பாஸில் இருக்கும். ஃபயர்ஃப்ளை பெரும்பாலும் தெறிப்பு ஒளியின் (இன்டைரக்ட்) பாஸ்களில்தான் பிறக்கும். அவற்றில் மட்டும் டெஸ்பெக்கிள் செய்து மறுபடி கூட்டினால் 365 சுடர்களில் ஒன்றும் போகாது. புள்ளியின் தோற்றத்தைப் பார்க்காமல் அது வந்த வழியைப் பார்க்கும் இந்த முறைதான் உண்மையான திருப்பம் என்பேன்.

காலத்தையும் சாட்சிக்கு அழைக்கலாம். பழைய படச்சுருளைச் சீர்செய்பவர்கள், ஒரு ஃபிரேமில் மட்டும் தோன்றும் தூசியை முன்பின் ஃபிரேம்களை வைத்து நீக்குகிறார்கள். ரெண்டரிலும் எதேச்சைப் பாதைகளைத் தீர்மானிக்கும் சீடு எண்ணை ஃபிரேமுக்கு ஃபிரேம் மாற்றினால் ஃபயர்ஃப்ளை இடம் மாறும், மூன்று ஃபிரேம்களின் இடைநிலை அதைப் பிடித்துவிடும். சீடு மாறாவிட்டால் புள்ளி அசையாமல் நின்று தப்பிக்கும். சுடரின் இயல்பான துடிப்பும் இம்முறையில் மட்டுப்படும் என்பதால் இதையும் எமிஷன் பாஸில் செய்யக்கூடாது.

அடுத்தது கற்கும் வலைப்பின்னல்களின் காலம். பிக்ஸாரும் டிஸ்னியும் இணைந்த 2017 ஆய்வு ‘ஃபைண்டிங் டோரி’ ஃபிரேம்களில் இரைச்சலை நீக்க (டீநாய்ஸ்) வலைப்பின்னலைப் பழக்கியது. இன்டெல்லின் ஓபன் இமேஜ் டீநாய்ஸ் 2019இல் பிளெண்டர் 2.81க்குள் வந்தது. இவை நிறத்தோடு, பரப்பின் சொந்த நிறத்தைத் தரும் ஆல்பெடோ, பரப்பின் திசையைத் தரும் நார்மல் பாஸ்களையும் பார்த்துத் தீர்மானிக்கின்றன. பெரும்பாலும் வியக்கத்தக்க வகையில் சரியாகவே தீர்மானிக்கின்றன. ஏன் ஒரு புள்ளியை விட்டன, ஏன் ஒன்றை எடுத்தன என்று மட்டும் அவை சொல்வதில்லை. ஆகவே டீநாய்ஸ் செய்யாத மூலப் படத்தை அழிக்காமல் வைத்து, அதிலிருந்து சுத்தமான படத்தைக் கழித்து, மிச்சத்தை ஒருமுறை திரையில் பார்ப்பது அவசியம். நீக்கப்பட்டவை அங்கங்கே சிதறியிருந்தால் சரி. ஒரு கோட்டில் வரிசையாக நின்றால் வலைப்பின்னல் காட்சியையே தின்றிருக்கிறது. அந்த ஷாட்டை மறுபடி பாஸ் பாஸாகப் பிரித்துச் செய்ய வேண்டும்.