எழுத்தில் ஏறிய சர்வரும் ஏறாத மாடலும்: உள்கட்டமைப்பு நிரலின் முப்பதாண்டு வரலாறு

இயந்திரக் கற்றல் மாடல் ஒன்றை கிளவுடில் ஏற்றும் வேலையைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் வேகத்தையே அளவுகோலாகக் கொள்கிறார்கள். வாரக்கணக்கில் இழுத்த வேலை இப்போது நிமிடங்களில் முடிகிறது, சர்வர் முதல் அனுமதிகள் வரை எல்லாவற்றையும் ஒரு கோப்பில் எழுதிக்கொடுத்தால் கிளவுட் தானே எழுப்பித் தந்துவிடுகிறது என்பதுதான் வழக்கமாகச் சொல்லப்படும் வரலாறு. அதில் பொய் எதுவும் இல்லை. ஆனால் அது விளைவைக் காரணமாக எடுத்துக்கொள்கிறது. ஓர் எந்திரம் எந்த நிலையில் இருக்கிறது என்ற அறிவை, அதை அமைத்தவரின் நினைவிலிருந்து பிரித்தெடுத்துப் பிறர் படித்துச் சரிபார்க்கக்கூடிய எழுத்தாக மாற்றும் முயற்சியாகவே உள்கட்டமைப்பு நிரல் பிறந்தது. அந்த எழுத்தின் எல்லை கோப்புகளிலிருந்து சர்வர்களுக்கும், சர்வர்களிலிருந்து முழு நெட்வொர்க்குகளுக்கும் படிப்படியாக விரிந்தது. மாடல்கள் உள்ளே வந்தபோது அது ஓரிடத்தில் நின்றுவிட்டது. நின்ற இடத்துக்கு அப்பால் இருப்பவைதான் இன்றைக்கு மாடல்களைத் தடுமாற வைக்கின்றன என்பதே இக்கட்டுரையின் வாதம்.

முதல் சான்று காலவரிசையிலேயே இருக்கிறது. அமேசான் தன் கிளவுடில் சர்வர்களை வாடகைக்கு விடத் தொடங்கியது 2006இல். அதற்கு 13 ஆண்டுகள் முன்பே, 1993இல், ஆஸ்லோ பல்கலைக்கழகத்தில் இயற்பியல் ஆய்வாளராக இருந்த மார்க் பர்கெஸ் சிஎஃப்எஞ்சின் என்ற மென்பொருளை எழுதிவிட்டார். வெவ்வேறு யூனிக்ஸ் வகைகள் ஓடிய கணினிகளை ஒரே ஒழுங்கில் வைத்திருப்பது அவர் எதிர்கொண்ட சிக்கல். ஒவ்வொரு கணினிக்கும் தனித்தனி ஸ்கிரிப்ட் எழுதுவதற்குப் பதிலாக, ‘இந்தக் கோப்பு இப்படி இருக்க வேண்டும், இந்தச் சேவை ஓடிக்கொண்டிருக்க வேண்டும்’ என்று முடிவு நிலையை மட்டும் எழுதினார். மென்பொருள் மீண்டும் மீண்டும் ஓடி, விலகியவற்றை அந்த நிலைக்கு இழுத்துவரும். ஏற்கெனவே சரியாக இருப்பதைத் தொடாது. எத்தனை முறை ஓடினாலும் விளைவு ஒன்றே என்ற இந்தப் பண்பைத்தான் பின்னால் வந்த பப்பெட், செஃப், ஆன்சிபிள் எல்லாம் தத்தம் வழியில் எடுத்துக்கொண்டன. வேகம் இங்கே பேச்சிலேயே இல்லை.

ஆனால் நிலையை நோக்கி இழுத்தால் போதுமா என்ற கேள்வி சீக்கிரமே எழுந்தது. 2002இல் ஸ்டீவ் ட்ராகட்டும் லான்ஸ் பிரவுனும் கணினி நிர்வாகிகளுக்கான லீசா மாநாட்டில் முன்வைத்த கட்டுரை, பராமரிப்பு முறைகளை மூன்றாகப் பிரித்தது. கணினிகள் நாளடைவில் ஒன்றிலிருந்து ஒன்று விலகிப்போவது முதல் வகை. விரும்பிய நிலையை நோக்கி நெருங்கிவருவது இரண்டாவது. முதல் நாளிலிருந்தே எழுதிவைத்த வரையறையோடு முழுவதும் பொருந்தி நிற்பது மூன்றாவது. இரண்டு கணினிகள் ஒரே மாதிரி நடந்துகொள்ள வேண்டுமானால் ஒரே மாற்றங்களை ஒரே வரிசையில் அவற்றுக்குச் செய்வதே செலவு குறைந்த வழி என்று அவர்கள் வாதிட்டார்கள். நெருங்கிவரும் முறையில் ஒரு பொந்து இருப்பது இதனால் தெரியவந்தது. எழுதப்பட்ட பகுதிதான் ஒத்திருக்கும்; எழுதாமல் விட்ட பகுதி எப்படி வேண்டுமானாலும் இருக்கலாம். இந்தத் துறையின் பிற்கால வரலாறு முழுவதையும் விளங்கிக்கொள்ள இதைவிடக் கூர்மையான கருவி கிடையாது என்றே கருதுகிறேன்.

அந்தப் பொந்தின் விலை என்ன என்பதை 2012 ஆகஸ்ட் 1 அன்று அமெரிக்கப் பங்குச்சந்தை பார்த்தது. நைட் கேபிடல் நிறுவனம் பங்கு ஆணைகளை அனுப்பும் தன் மென்பொருளுக்குப் புதிய நிரலை எட்டு சர்வர்களில் ஏற்ற வேண்டியிருந்தது. கையால் ஏற்றியபோது ஒரு சர்வர் விடுபட்டுப்போனது. அந்த எட்டாவது சர்வரில், 2003இலேயே பயன்பாட்டிலிருந்து நீக்கப்பட்ட ‘பவர் பெக்’ என்ற பழைய நிரல்பகுதி இன்னும் உயிரோடு இருந்தது. புதிய நிரலோ, அந்தப் பழைய பகுதியை இயக்கிவந்த அதே குறியைத் தன் தேவைக்கு எடுத்துக்கொண்டிருந்தது. சந்தை திறந்ததும் எட்டாவது சர்வர் நிறுத்தமில்லாமல் ஆணைகளை அனுப்பித் தள்ளியது. சுமார் 45 நிமிடங்களில் 154 பங்குகளில் 40 லட்சம் பரிவர்த்தனைகள் நடந்தன. இழப்பு 46 கோடி டாலருக்கு மேல். இதைவிடக் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. கோளாறு எங்கே என்று தெரியாத பதற்றத்தில், சரியாக நிரல் ஏற்றப்பட்டிருந்த ஏழு சர்வர்களிலிருந்து புதிய நிரலைக் கழற்றினார்கள். நிலைமை இன்னும் மோசமானது. எட்டு சர்வர்களில் எதில் என்ன இருக்கிறது என்று பார்த்துச் சொல்ல ஓர் எழுத்து அவர்கள் கையில் இருக்கவில்லை. நிரல் ஏற்றுவதை இரண்டாவது ஆள் சரிபார்க்க வேண்டும் என்ற எழுத்துபூர்வ விதியும் அங்கே இல்லை என்று அமெரிக்கப் பங்குப் பரிவர்த்தனை ஆணையம் 2013இல் வெளியிட்ட ஆணையில் பதிவுசெய்திருக்கிறது.

கிளவுட் இந்த எழுத்துக்குப் புது இடம் தந்தது. சர்வரே ஒரு ஏபிஐ அழைப்பில் பிறக்கும் பொருளாகிவிட்டதால், உள்ளிருக்கும் கோப்புகளோடு சர்வரையும், அது நிற்கும் நெட்வொர்க்கையும், அதைத் தொட யாருக்கு அனுமதி என்பதையும் எழுத முடிந்தது. 2011இல் அமேசானின் கிளவுட்ஃபார்மேஷனும், 2014இல் மிட்செல் ஹஷிமோட்டோ, ஆர்மன் டட்கர் ஆகியோரின் ஹாஷிகார்ப் வெளியிட்ட டெர்ராஃபார்மும் இதைச் செய்தன. கொத்தனாரிடம் செங்கல் செங்கலாக வேலை சொல்வதற்கும் வீட்டின் வரைபடத்தைக் கையில் கொடுப்பதற்கும் உள்ள வேறுபாடு இது. டெர்ராஃபார்மின் பெரிய பங்களிப்பு அதன் ‘பிளான்’ கட்டளை என்பது என் கணிப்பு. எழுதியிருப்பதற்கும் உண்மையில் இருப்பதற்கும் இடையிலான வேறுபாட்டை, எதையும் மாற்றுவதற்கு முன்பே அது வரி வரியாகக் காட்டிவிடும். இரண்டாவது ஆள் சரிபார்க்க ஏதாவது கையில் இருக்க வேண்டுமே. அதை இது கொடுத்தது. 2023இல் ஹாஷிகார்ப் டெர்ராஃபார்மின் உரிம நிபந்தனைகளை இறுக்கியபோது, சில வாரங்களிலேயே லினக்ஸ் அறக்கட்டளையின் கீழ் ஓப்பன்டோஃபு என்ற கிளை பிரிந்ததன் காரணமும் இங்கேதான் இருக்கிறது. ஒரு நிறுவனத்தின் மொத்த உள்கட்டமைப்பும் ஒரு மொழியில் எழுதப்பட்டுவிட்டபின், அந்த மொழி யார் கையில் இருக்கிறது என்பது சின்ன விஷயமாக இருக்க முடியாது.

இயந்திரக் கற்றல் இந்த வரலாற்றுக்குள் தாமதமாகவே வந்தது. 2015இல் டி. ஸ்கல்லியும் கூகுளில் அவருடைய சகாக்களும் எழுதிய ஆய்வுக் கட்டுரை, இயந்திரக் கற்றல் அமைப்புகளில் மறைந்து கிடக்கும் தொழில்நுட்பக் கடனைப் பற்றியது. அதிலுள்ள ஒரு படம் புகழ்பெற்றது. நடுவில் சின்னக் கறுப்புச் சதுரமாகக் கற்றல் நிரல். அதைச் சுற்றித் தரவு சேகரிப்பு, சரிபார்ப்பு, எந்திர வள மேலாண்மை, கண்காணிப்பு என்று பெரிய பெரிய கட்டங்கள். எதை மாற்றினாலும் எல்லாமே மாறும் என்ற கொள்கையையும் அவர்கள் அதில் வகுத்தார்கள். சாதாரண மென்பொருளின் நடத்தை அதன் நிரலில் இருக்கிறது; மாடலின் நடத்தை அதற்கு ஊட்டிய தரவில் இருக்கிறது. அப்படியானால் எந்திரத்தை முழுமையாக எழுதிவிட்டாலும் நடத்தையை எழுதியதாகாது. ஆனால் அக்காலத்தில் பரவிய கருவிகள் சுற்றியிருந்த கட்டங்களில் எளிதானவற்றையே முதலில் எடுத்துக்கொண்டன. 2013இல் வந்த டாக்கர் ஓட்டத்துக்குத் தேவையான சூழலைக் கன்டெய்னர் என்ற பொட்டலமாக்கியது; 2014இல் வந்த குபெர்னெட்டிஸ் அந்தப் பொட்டலங்களைப் பல எந்திரங்களில் ஓட்டியது. 2017 நவம்பரில் அமேசானின் சேஜ்மேக்கர் மாடலுக்கென்றே ஒரு சேவையைத் தந்தது.

எழுத்து எங்கே நிற்கிறது என்பதை சேஜ்மேக்கரிலேயே பார்க்கலாம். அதில் ஒரு மாடலை டெர்ராஃபார்ம் வழியாக ஏற்ற மூன்று பொருள்களை வரையறுக்கிறோம்: மாடல், எண்ட்பாயின்ட் கான்ஃபிகரேஷன், கோரிக்கைகளுக்குப் பதில் தரும் எண்ட்பாயின்ட். எந்த வகை எந்திரம், எத்தனை, எந்த கன்டெய்னர் இமேஜ், எந்த அனுமதி என்று எல்லாம் வரிகளில் இருக்கின்றன. பயிற்சியின் விளைவான எடைகள் மட்டும் எஸ்3 சேமிப்பகத்தில் ஒரு சுருக்கக் கோப்பாகக் கிடக்கின்றன. வரையறையில் அதன் முகவரி மட்டுமே இருக்கிறது. இப்போது தரவியலாளர் ஒருவர் மாடலை மறுபடி பயிற்றுவித்து, அதே முகவரியில் பழைய கோப்பின் மேல் புதியதை வைத்துவிடுகிறார் என்று கொள்வோம். பிளான் கட்டளையை ஓட்டினால், மாற்றம் எதுவும் இல்லை என்று பதில் வரும். அந்தக் கருவியைக் குறைசொல்ல இதில் ஒன்றுமில்லை. அது முகவரியை முகவரியோடு ஒப்பிட்டது, இரண்டும் ஒன்றுதான். எடைகளைத் தொடக்கத்தில் இறக்கிக்கொள்ளும் கன்டெய்னர்களை நாமே குபெர்னெட்டிஸில் ஓட்டினால் விளைவு இன்னும் தெளிவாகத் தெரியும். நேற்று எழுந்த கன்டெய்னர்கள் பழைய மாடலோடும், நெரிசல் கூடியதால் இன்று எழுந்தவை புதிய மாடலோடும் பதில் சொல்லிக்கொண்டிருக்கும். எல்லாம் ஒரே பெயரில், ஒரே வரையறையின் கீழ். நைட் கேபிடலின் எட்டாவது சர்வர் எதனால் உண்டானதோ அதே நிலைமைதான் இது.

தீர்வு தெரியாமல் இல்லை. 2017இல் வந்த டிவிசி, பெரிய தரவுக் கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடப்படும், கைரேகை போன்ற ஹாஷ் மதிப்பை ஒரு சின்ன உரைக்கோப்பில் எழுதித் தருகிறது; அந்த உரைக்கோப்பை கிட் பதிப்புக் களஞ்சியத்தில் சேர்த்துவிடலாம். 2018இல் வந்த எம்எல்ஃப்ளோ எந்தப் பயிற்சியில் எந்த மாடல் பிறந்தது என்று பதிந்துவைக்கிறது. எஸ்3 முகவரியிலேயே ஹாஷைச் சேர்த்துவிட்டால் மாடல் மாறும்போது முகவரியும் மாறும், பிளான் அதைக் காட்டும். செய்ய வேண்டிய வேலை ஒரு வரிதான். ஆனால் மாடலைப் பயிற்றுவிக்கிறவர்கள் ஒரு குழுவாகவும் உள்கட்டமைப்பை எழுதுகிறவர்கள் இன்னொரு குழுவாகவும் இருக்கும் இடங்களில், அந்த வரி இரண்டு கூட்டத்துக்கும் இடையிலுள்ள எல்லையில் விழுகிறது. யாருடைய பொறுப்பிலும் சேராமல் விடுபட்டுப்போவது அதனால்தான்.

இந்த வாதத்துக்கு மறுப்புகள் உண்டு. நிர்வகிக்கப்படும் சேவைகள் பெருகிவிட்ட காலத்தில் திரையில் நாலு பொத்தானை அழுத்தினாலே மாடல் ஏறிவிடுகிறது, எழுதிவைக்க என்ன இருக்கிறது என்பது ஒன்று. பொத்தான் அழுத்தியவர் வேலையை விட்டுப் போனபின் அதே அமைப்பை இன்னொரு இடத்தில் எழுப்பச் சொன்னால் இந்த மறுப்பு நிற்காது. இதைவிட வலுவானது இரண்டாவது மறுப்பு: தானியக்கம் பிழையையும் பெருக்குகிறது. 2017 பிப்ரவரி 28 அன்று அமேசானின் எஸ்3 சேவை வட விர்ஜினியாவில் மணிக்கணக்கில் முடங்கியது. வகுத்துவைத்த நடைமுறையின்படி ஒரு கட்டளையைக் கொடுத்தபோது உள்ளீடு ஒன்று தவறிப்போக, நினைத்ததைவிட அதிகமான சர்வர்கள் கழற்றப்பட்டன என்று அமேசானே விளக்கமளித்தது. இதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். வரையறைக் கோப்பில் தவறாக அழிக்கப்பட்ட ஒரு வரியும் ஒரு தரவுத்தளத்தையே அழித்துவிடும். தான் எழுப்பியவற்றை டெர்ராஃபார்ம் பதிந்துவைக்கும் நிலைக்கோப்பு கடவுச்சொற்களைக்கூட வெளிப்படையான உரையாக வைத்திருக்கக்கூடும். ஆனால் எஸ்3 முடங்கிய அன்று நடந்தது ஒரு கட்டளையின் பிழை. கட்டளை அடித்த கணத்திலேயே நிறைவேறிவிடும். எழுதிய வரையறைக்கும் அதை நிறைவேற்றுவதற்கும் இடையே ஓர் இடைவெளி இருக்கிறது, அந்த இடைவெளியில் இன்னொரு மனிதரின் கண் படமுடியும். அந்த இடைவெளியை யாரும் பயன்படுத்தாத நிறுவனத்தில் மறுப்பு முழுவதும் செல்லும் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

மூன்றாவது மறுப்பு வாதத்தின் அடிவேரையே தொடுகிறது. எடைகளையும் தரவையும் ஹாஷ் போட்டு எழுதிவிட்டாலும், மாடல் சந்திக்கும் உலகம் மாறிவிட்டால் என்ன செய்வது? 2020 வசந்தத்தில் மிச்சிகன் பல்கலைக்கழக மருத்துவமனையில் இதுதான் நடந்தது. தொற்றுக்கு உடல் கட்டுமீறி எதிர்வினையாற்றும் செப்சிஸை முன்கூட்டி எச்சரிக்கும் மாடல், கோவிட் காரணமாக நோயாளிகளின் இயல்பே மாறிப்போனதால் பொய்யெச்சரிக்கைகளாகக் கொட்டத் தொடங்கியது. நிரல், எடைகள், சர்வர் எதிலும் கோளாறு இல்லை. எந்தப் பிளான் கட்டளையும் இதைக் காட்டியிருக்க முடியாது என்பது உண்மை. ஆனால் அந்த மருத்துவமனை அதைக் கண்டுபிடித்து மாடலை நிறுத்தியது எப்படி? மருத்துவச் செயற்கை நுண்ணறிவைக் கண்காணிக்க அங்கே ஒரு குழு இருந்தது. நிறுத்தும் அதிகாரம் அதன் கையில் இருந்தது. உலகை எழுதிவைக்க முடியாது. மாடல் எந்த நோயாளிகளின் தரவில் பயின்றது, அதிலிருந்து எவ்வளவு விலகினால் எச்சரிக்கை ஒலிக்க வேண்டும், ஒலித்தால் யாருக்குச் செய்தி போக வேண்டும், மாடலை நிறுத்தினால் அதற்குப் பதில் எது ஓட வேண்டும் என்பவற்றை எழுத முடியும். சேஜ்மேக்கரின் கண்காணிப்பு அட்டவணையும் அமேசானின் கிளவுட்வாட்ச் அலாரமும் டெர்ராஃபார்மில் இன்றே எழுதக்கூடிய பொருள்கள். எண்ட்பாயின்ட்டை வரையறுக்கும் அதே கோப்பில், அதே சரிபார்ப்புக்கு உட்பட்டு, அவை இருக்க வேண்டும். அவை இல்லாத வரையறையை இரண்டாவது ஆள் ஏற்காமல் திருப்பி அனுப்ப வேண்டும்.