63 நாட்களில் ஊசி, அதற்குப் பின்னால் அரை நூற்றாண்டு

கொவிட் காலத்தில் தடுப்பூசி வரிசையில் நின்ற பலரின் மனதிலும் ஒரு கேள்வி இருந்தது. 'வருடக்கணக்கில் எடுக்கும் வேலையை இவ்வளவு கெதியாக எப்படி முடித்தார்கள்? எங்களை வைத்துத்தான் பரிசோதிக்கிறார்களா?' மேலிருந்து தரப்படும் எதையும் இலகுவில் நம்பிவிட முடியாத அனுபவங்களைக் கடந்து வந்த எமது சமூகத்தில் இந்தக் கேள்வி எழுந்ததில் வியப்பில்லை. அதற்கான விடை 1966இல் தொடங்குகிறது.

அவ்வாண்டு அமெரிக்காவில் ஆர்.எஸ்.வி எனும் சுவாச வைரஸுக்கு எதிரான தடுப்பூசி ஒன்று கைக்குழந்தைகளிடம் பரிசோதிக்கப்பட்டது. ஃபோர்மலினால் செயலிழக்கச் செய்யப்பட்ட வைரஸே அதில் இருந்தது. பின்னர் தொற்று பரவியபோது ஊசி ஏற்றப்பட்ட குழந்தைகளே கடுமையாக நோயுற்றனர். ஓர் ஆய்வில், ஊசி ஏற்றப்பட்டுத் தொற்றுக்குள்ளானவர்களில் 80 சதவீதமானோர் வைத்தியசாலையில் அனுமதிக்கப்பட்டனர். அந்த ஊசி ஏற்றப்படாதவர்களில் இது 5 சதவீதமே. இரு குழந்தைகள் இறந்தனர். அதன் பின் பல தசாப்தங்கள் இந்தத் துறை தயங்கி நின்றது.

தவறின் முக்கிய காரணம் வடிவத்தில் இருந்தது. வைரஸின் மேற்பரப்புப் புரதம் எமது கலத்துக்குள் நுழைய முன்னர் ஒரு வடிவிலும், நுழையும்போது வேறொரு வடிவிலும் இருக்கும். பழைய ஊசி உடலுக்குக் காட்டியது பெரும்பாலும் இரண்டாவது வடிவத்தையே. முதல் வடிவத்தை 2013இல் ஜேசன் மெக்லெலன், பார்னி கிரஹாம் உள்ளிட்ட குழுவினர் வெளிப்படுத்தினர். அந்த வடிவத்தைக் குலையாமல் நிறுத்திவைக்கும் உத்தி பின்னர் கொரோனா வகை வைரஸ்களின் புரதத்திலும் கையாளப்பட்டது.

மறுபுறம், கற்றலின் கரிகோவும் ட்ரூ வைஸ்மனும் எம்.ஆர்.என்.ஏ குறித்து ஆராய்ந்தனர். இது புரதத்தைச் செய்யும்படி கலத்துக்குச் சொல்லும் ஒரு குறிப்பு. வெளியிலிருந்து செலுத்தினால் உடல் அதை எதிரியாகக் கருதி அழற்சியை உண்டாக்கியது. அதன் ஓர் அலகை மாற்றினால் அழற்சி தணியும் என 2005இல் இருவரும் காட்டினர். 2023இல் நோபல் பரிசு கிடைத்தது. இந்தக் குறிப்பு நுண்ணிய கொழுப்புறையில் வைத்து ஏற்றப்படுகிறது. அது கலத்தின் கருவுக்குள் செல்வதில்லை. வேலை முடிந்ததும் சிதைந்துவிடும்.

எனவே 2020 ஜனவரியில் கொரோனாவின் மரபணு வரிசை வெளியானபோது பெருமளவு வேலை முடிந்திருந்தது. ஜனவரி 13ஆம் திகதி மொடேர்னா ஊசிக்கான வரிசை தீர்மானிக்கப்பட்டது. 63 நாட்களின் பின், மார்ச் 16ஆம் திகதி சியாட்டிலில் முதல் தன்னார்வலருக்கு அது ஏற்றப்பட்டது. முதற்கட்டத்தில் 45 பேர். இறுதிக் கட்டத்தில் சுமார் 30,000 பேர். அவர்களில் பாதிப்பேருக்கு வெறும் உப்புநீர். யாருக்கு எது என்பது பங்கேற்றவர்களுக்குத் தெரியாது. நோய் அறிகுறியுடன் தொற்றுவதைத் தடுப்பதில் 94.1 சதவீதப் பயன் தெரிந்தது. முடிவு வர முன்னரே அரச நிதியில் உற்பத்தி தொடங்கப்பட்டதும், கட்டங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக நடத்தப்பட்டதும், தொற்று வேகமாகப் பரவியதும் காலத்தைச் சுருக்கின.

குறைகளும் உண்டு. பாதுகாப்பு மாதங்களில் குறைகிறது. இளம் ஆண்களிடம் அரிதாக இதயத்தசை அழற்சி ஏற்பட்டது. இவை மறைக்கப்படாமல் பதிவாகின.

கதை மீண்டும் ஆர்.எஸ்.வியிடமே வந்தது. 2024 மே மாதம் 60 வயதுக்கு மேற்பட்டோருக்கான எம்.ஆர்.என்.ஏ ஊசிக்கு அமெரிக்கா அனுமதி வழங்கியது. ஆனால் அதே ஆண்டு கைக்குழந்தைகளிடம் நடந்த பரிசோதனையில், ஊசி பெற்றவர்களிடையே கடும் நோய் கூடுதலாகத் தென்பட்டது. உடனே ஊசி ஏற்றுவது நிறுத்தப்பட்டது.

1966இல் கற்ற பாடம் இங்கேதான் பயன்பட்டது. ஒரு தடுப்பூசி எத்தனை நாளில் வந்தது என்று கேட்பது நியாயமே. கூடவே, பிழைத்தால் யார் கண்டுபிடிப்பார்கள், யார் நிறுத்துவார்கள், எமக்கு யார் சொல்வார்கள் என்றும் கேட்கவேண்டும்.