நட்சத்திரத்தின் ஐந்தொகை

காரைக்குடியில் நண்பர் வீட்டுக்குப் போயிருந்தேன். ராத்திரி கரன்ட் போனதும் எல்லோரும் முற்றத்துக்கு வந்தோம். தலைக்கு மேல் சதுரமாக வானம், நிறைய நட்சத்திரம்.

“இம்புட்டும் எத்தனை நாளைக்குய்யா எரியும்?” என்றார் நண்பரின் அப்பத்தா.

பர்மாவில் வட்டிக்கடை வைத்திருந்த குடும்பம். அதனால் ஐந்தொகையிலிருந்தே ஆரம்பித்தேன்.

நட்சத்திரமும் ஒரு கடைதான் ஆச்சி. ஈர்ப்பு விசை ஓயாமல் உள்ளே இழுக்கும். அது கட்டியே தீரவேண்டிய வட்டி. உள்ளே எரிகிற சூடு வெளியே தள்ளும், அது வரவு. இரண்டும் நேராகும்வரை கடை நடக்கும். போட்ட முதல் ஹைட்ரஜன். அது ஹீலியமாக மாறும்போது கொஞ்சம் எடை வெளிச்சமாகிவிடும். சூரியன் இப்படி ஒரு செகண்டுக்கு 40 லட்சம் டன்னைச் செலவழிக்கிறது. இன்னும் 500 கோடி வருஷம் தாங்கும்.

முதல் தீர்ந்தால்? சூரியன் ஊதிச் சிவந்து, மேல்பகுதியை உதறிவிட்டு, பூமி அளவுக்குச் சுருங்கி ‘வெள்ளைக் குள்ளன்’ ஆகும். ஒரு ஸ்பூன் எடுத்தால் டன் கணக்கில் கனக்கும். எரிய எதுவும் இல்லாமல் அது எப்படி நொறுங்காமல் நிற்கிறது? இதற்குமேல் நெருங்கமாட்டோம் என்று எலெக்ட்ரான்கள் முரண்டு பிடிப்பதால்தான் என்று 1926-ல் ஃபௌலர் சொன்னார். ஆக, எல்லா நட்சத்திரத்துக்கும் அமைதியான முதுமை என்று விஞ்ஞானிகள் நிம்மதியாக இருந்தார்கள்.

அதைக் கெடுத்தது ஒரு 19 வயசுப் பையன். சர் சி.வி. ராமனின் அண்ணன் மகன், சென்னை பிரசிடென்ஸி காலேஜில் படித்த சந்திரசேகர். 1930 ஜூலை 31-ல் பம்பாயில் கப்பலேறி கேம்பிரிட்ஜ் புறப்பட்டவர், வழியில் ஃபௌலரின் கணக்கை மறுபடி போட்டுப் பார்த்தார். அத்தனை நெருக்கத்தில் எலெக்ட்ரான்கள் கிட்டத்தட்ட ஒளியின் வேகத்தில் ஓடும். அப்போது ஐன்ஸ்டைனின் சார்பியலையும் சேர்க்கவேண்டுமே! சேர்த்தால் ஒரு வரம்பு வந்து நின்றது. எரிந்து முடிந்த மிச்சம், சூரியனைப்போல் (இன்றைய கணக்கில்) சுமார் 1.4 மடங்கைத் தாண்டினால் எலெக்ட்ரான்களால் தாங்கமுடியாது.

1935 ஜனவரி 11. லண்டனில் ராயல் அஸ்ட்ரனாமிகல் சொஸைட்டி கூட்டம். சந்திரசேகர் பேசி உட்கார்ந்ததும் எடிங்டன் எழுந்தார். அன்றைய வானியலின் பெரிய தலை. கேம்பிரிட்ஜில் அடிக்கடி சந்தித்து இந்த வேலையை விசாரித்தவர், மறுக்கப்போவதாக ஒரு வார்த்தை சொன்னதில்லை. நட்சத்திரம் ஒளிகூடத் தப்பமுடியாதபடி சுருங்கும் என்றுதானே இதற்கு அர்த்தம், இயற்கை இந்த அபத்தத்தை அனுமதிக்காது என்று கேலி செய்தார். சபை சிரித்தது.

போரும் பாலியும் தனிப்பட்ட முறையில் ‘உன் கணக்கு சரி’ என்றார்கள். எடிங்டனை எதிர்த்து மேடையேற ஆளில்லை. சந்திரசேகர் 1937-ல் சிகாகோ பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். 1939-ல் நட்சத்திரங்களின் அமைப்பு பற்றி ஒரு புத்தகம் எழுதி முடித்துவிட்டு வேறு ஆராய்ச்சிக்குப் போய்விட்டார். ஆனால் எடிங்டனோடு நட்பை முறிக்கவில்லை.

இயற்கை அனுமதித்துத்தான் இருந்தது. 1967-ல் பல்ஸார்கள் அகப்பட்டன. வரம்பு தாண்டி நொறுங்கிய நியூட்ரான் நட்சத்திரங்கள். கருந்துளைகளும் அதே வழியில் வந்தன. 1983-ல் சந்திரசேகருக்கு நோபல். சிரித்த சபையிலிருந்து 48 வருஷம்.

அப்பத்தா கொஞ்ச நேரம் பேசவில்லை. உள்ளே மரப்பெட்டியில், யுத்தத்தின்போது விட்டுவந்த பர்மாக் கடையின் பேரேடுகள் இருக்கின்றன.

“எங்க கணக்கும் சரியாத்தான்யா இருந்துச்சு. வசூல்தான் ஆகலை” என்றார்.

கரன்ட் வந்தது.