வாவிக்கரையில் ஒரு பழைய கணினி: லினக்ஸ் பற்றிய வரலாற்று நோக்கு

ஒரு கருவியின் முதுமையை நிர்ணயிப்பது அதன் தேய்மானமா, அன்றி அதனை விற்றோரின் நாட்காட்டியா என்னும் வினா இன்று கணினித்துறையிலே கூர்மை பெற்றுள்ளது. 2014 ஏப்ரல் 8இல் வின்டோஸ் எக்ஸ்பிக்கும், 2020 சனவரி 14இல் வின்டோஸ் 7க்கும், 2025 ஒக்டோபர் 14இல் வின்டோஸ் 10க்கும் பொதுவான ஆதரவு நிறுத்தப்பட்டது. ஒவ்வொரு முறையும், நன்கு இயங்கிய கணினிகள் பல பழையனவாகிப் போயின. மட்டக்களப்பு வாவியின் எழுவான்கரையிலாயினும் படுவான்கரையிலாயினும், எளிய குடும்பமொன்றுக்குக் கணினி பல்லாண்டு உழைக்கவேண்டிய பொருளாகும். ஆதலின் இவ்வினா இப்பிரதேசத்துக்குப் புறம்பானதன்று.

இதற்கு விடையாக அமைந்த லினக்சின் தோற்றம் ஈண்டு நோக்கற்பாலது. 1983இல் ரிச்சர்ட் ஸ்டோல்மன், யாவரும் பயன்படுத்தவும் ஆராயவும் திருத்தவும் பகிரவும் உரிமையுடைய பணிசெயல் முறைமையொன்றை ஆக்கும் குனூ திட்டத்தை அறிவித்தார். 1991இல் ஹெல்சிங்கிப் பல்கலைக்கழக மாணவரான லினஸ் தோர்வால்ட்ஸ், தமது 386 வகைக் கணினியிலே அத்தகைய முறைமைக்கான கருவை எழுதினார். 1992இல் அது குனூ பொது உரிமத்தின்கீழ் வந்தது. பேராய்வுகூடத்தின் பேரியந்திரத்திலன்றி, மாணவர் ஒருவரின் சொந்தக் கணினியிலே அது பிறந்தமை மனங்கொள்ளத்தக்கது.

இவ்வியக்கத்தோடு கிழக்கிலங்கைக்குள்ள தொடர்பு துயரத்தின் வழி வந்தது. 2004 டிசம்பர் 26இல் எழுந்த ஆழிப்பேரலை, கடலுக்கும் வாவிக்கும் இடைப்பட்ட நாவலடி முதலிய ஊர்களைச் சிதைத்தது. காணாமற் போனோரையும் முகாம்களையும் நிவாரணத்தையும் பதிவு செய்வதற்கென இலங்கைத் தொண்டர்கள் சில நாட்களிலேயே சகானா என்னும் கட்டற்ற மென்பொருளை ஆக்கினர். 2005இல் பாகிஸ்தான் நிலநடுக்கத்தின்போதும் அது பயன்பட்டது. கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையின் சமூகநலன் விருதை 2006ஆம் ஆண்டுக்கெனப் பெற்றது. பிறர் ஆக்கியதைப் பெறுவதோடமையாது, உலகுக்குத் தானும் வழங்கலாம் என்பதை இந்நாடு அன்று காட்டியது.

இனி, லினக்ஸ் ஒன்றாயினும் அதன் வழங்கல்கள் பலவாதலின், புதியவர் தெரிவிலே மயங்குதல் இயல்பே. 1993இல் தொடங்கிய டெபியனும், 2004இல் அதனின்று கிளைத்த உபுண்டுவும், உபுண்டுவிலிருந்து 2006இல் எழுந்த லினக்ஸ் மின்ற்றும் ஒரு குடிவழியின. எந்த வழங்கல் சிறந்தது என்பதினும், இக்கணினி எதனைத் தாங்கும் என்பதே முதல் வினாவாதல் வேண்டும். 64 பிட் செயலியும் 4 கிகாபைற் நினைவகமும் உளவேல், மின்ற்றின் எக்ஸ்எஃப்சீஈ பதிப்பு ஏற்புடையது. நினைவகம் 1 கிகாபைற் அளவினதாயின், 2003இல் தோன்றிய பப்பி லினக்ஸ் பொருந்தும். 32 பிட் கணினிகளுக்கான ஆதரவோ சுருங்கி வருகின்றது. 2025இல் வெளிவந்த டெபியன் 13 அவற்றுக்கு நிறுவியை வழங்கவில்லை. ஆகவே கட்டற்ற உலகிலும் காலவெல்லை உண்டு. ஆயினும் அது நீளமானது.

நிறுவுதலிலும் வரலாறு புதியவருக்குத் துணைநிற்கின்றது. முன்னர் நெகிழ்வட்டுகள் பலவற்றை ஒன்றன்பின் ஒன்றாக இட்டு நிறுவிய காலம் இருந்தது. 2000இல் வந்த நொப்பிக்ஸ், வன்றட்டைத் தொடாமலே இறுவட்டிலிருந்து முறைமையை இயக்கிப் பார்க்கும் வழியைப் பரவலாக்கியது. இன்று அதனையே யூஎஸ்பி நினைவுக்கோல் செய்கின்றது. முதலிற் கோப்புகளை வேறோரிடத்திற் படியெடுத்தல் வேண்டும். பின்னர் நினைவுக்கோலிலிருந்து இயக்கி, திரை, ஒலி, வலையிணைப்பு, அச்சுப்பொறி ஆகியவற்றைச் சோதித்தல் வேண்டும். நிறைவு தந்தபின்னரே நிறுவுதல் தகும். முழு வன்றட்டையும் அழிக்கும் தெரிவை அறியாது அழுத்துவோர், கோப்புகள் யாவற்றையும் இழக்க நேரிடும்.

எஞ்சுவது மொழி. பாமினி எழுத்துருவில் தட்டச்சிடப்பட்ட பழைய ஆவணங்கள், அவ்வெழுத்துரு இல்லாவிடத்துப் பொருளற்ற ஆங்கிலக் குறிகளாய்த் தோன்றும். அவற்றை ஒருங்குறிக்கு மாற்றல் அவசியமாகும். முறைமையின் பட்டிகளைத் தமிழாக்கும் பணியோ தன்னார்வலரின் கையில் உள்ளது. 1936இல் சென்னையிலே கூடிய சொல்லாக்க மாநாட்டுக்குத் தலைமை தாங்கியவர், காரைதீவிற் பிறந்த சுவாமி விபுலாநந்தர். அறிவியலைத் தமிழிற் கூறலாம் என்ற அவரது உறுதி, இன்று திரையில் தோன்றும் ஒவ்வொரு சொல்லிலும் சோதிக்கப்படுகின்றது. விற்பனைப் பொருளிலே பிழையான தமிழைக் காண்போர் முறையிடலாம். கட்டற்ற முறைமையிலோ தாமே திருத்தலாம்.

எனவே பழைய கணினியில் லினக்சை நிறுவுதல் வெறுஞ் சிக்கனமன்று. பயன்படுத்துவோன் ஆக்குவோனாகவும் மாறுவதற்கான வாயில் அது. அவ்வாயில் திறந்தே கிடக்கின்றது. உட்செல்வோர் தொகையே இப்பிரதேசத்தின் பயனை நிர்ணயிக்கும்.